ராத்திரியில் கை மரத்துப்போகிறதா? ‘ஐ.டி. நோய்’ என்று மட்டும் நினைக்காதீர்கள்... கூக்கால் பூண்டு வயலும் கார்பல் டனல் பாதிப்பும்!

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்... இந்த மூன்றும் இரவில் மரத்துப்போய் தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால், அது நரம்பு அடிக்கும் அலாரம். அதற்கு ஸ்னூஸ் போட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? யாருக்கு இது அதிகம் வரும்? எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

கூக்கால். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 40 கி.மீ. உள்ளே போனால் வரும் ஊர். ஏரி, சோலைக்காடு, மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்கள் என வீக் எண்டுக்குக் கிளம்பும் சென்னை, பெங்களூரு இளைஞர்களின் ரீல்ஸில் இந்த ஊர் அடிக்கடி வந்துபோகிறது. திரும்பி வரும்போது பையில் ஒரு கிலோ மலைப்பூண்டும் சேர்ந்தே வந்துவிடும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கொடைக்கானல் மலைப்பூண்டுதான்.

அந்தப் பூண்டு மண்ணுக்குள் போவதும் வெளியே வருவதும் பெரும்பாலும் மனிதக் கையால். விதைப்பூண்டை உடைத்துப் பல் பல்லாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாக ஊன்ற வேண்டும். களை எடுக்க வேண்டும். விளைந்ததும் பிடுங்கி, மண் தட்டி, வேரையும் தாளையும் நறுக்கி, தரம் பிரித்துக் கட்ட வேண்டும்.

ஒரு சின்ன கணக்கு. வரிசைக்கு வரிசை 15 செ.மீ., பல்லுக்குப் பல் 10 செ.மீ. இடைவெளி விட்டு ஊன்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சென்ட் நிலத்துக்குச் சுமார் 2,700 பற்கள் ஆகும். அதாவது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து 2,700 முறை கிள்ளிப் பிடிக்கின்றன. 10 சென்ட் என்றால் 27,000 முறை. மே மாதத்தை ஒட்டி ஒன்று, நவம்பரை ஒட்டி ஒன்று என வருஷத்துக்கு இரண்டு போகம்.

இப்போது ஒரு போன் காலைக் கற்பனை செய்து பாருங்கள். மலையில் அம்மா, நகரத்தில் வேலை பார்க்கும் மகன்.

“கை எப்படிம்மா இருக்கு?”

“அது கெடக்குப்பா. ராத்திரியானா மதமதன்னு மரத்துப்போயிடுது. உதறுனா சரியாயிடும். குளிருல்ல, அதான்.”

“தைலம் தேய்ச்சுட்டுப் படும்மா.”

அத்தோடு பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். ஆனால், அந்த அம்மா சொன்ன மூன்று வார்த்தைகளில் ஒரு நோயின் முழு விவரமும் இருக்கிறது. ராத்திரி, மரத்துப்போகுது, உதறுனா சரியாயிடும். மருத்துவர்கள் ‘கார்பல் டனல் சிண்ட்ரோம்’ என்று சொல்லும் நோயின் முதல் கட்டம் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

மணிக்கட்டுக்குள் ஒரு சுரங்கப்பாதை

கார்பல் என்றால் மணிக்கட்டு எலும்புகள். டனல் என்றால் சுரங்கப்பாதை. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

மணிக்கட்டில் 8 சின்னச் சின்ன எலும்புகள் ஒரு கிண்ணம் போல அமைந்திருக்கின்றன. அந்தக் கிண்ணத்துக்கு மேல் மூடி போட்டது மாதிரி ஒரு தடித்த நார்ப்பட்டை இருக்கிறது. எலும்புக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் குறுகலான வழியில், விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கொடைக்கானல் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் 9 லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பைக் மாதிரி அந்த நரம்பின் நிலைமை.

திரும்பத் திரும்ப அழுத்தமாக வேலை செய்யும்போது தசைநாண்களைச் சுற்றியிருக்கும் உறை தடித்துப்போகலாம். உடம்பில் நீர் கோத்தாலும் வீக்கம் வரும். எலும்போ நார்ப்பட்டையோ விரிந்து இடம் கொடுக்காது. அழுத்தம் முழுவதும் நரம்பின் மேல்தான் விழும். அழுத்தம் கூடினால் நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். முதலில் குறுகுறுப்பு, பிறகு மரத்துப்போவது, அதன் பிறகு வலுக்குறைவு.

சரி, ஏன் ராத்திரியில்? தூங்கும்போது நம்மை அறியாமலே மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்கிறோம். மடங்கிய மணிக்கட்டில் சுரங்கத்தின் உள்ளழுத்தம் எகிறும். படுத்திருக்கும்போது கைகளில் நீர் தேங்குவதும் சேர்ந்துகொள்ளும். எழுந்து கையை உதறினால் அழுத்தம் குறைந்து நிம்மதி கிடைக்கும். ‘உதறுனா சரியாயிடுது’ என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது ஒரு முக்கியமான தடயம்.

சுண்டுவிரலைக் கேளுங்கள்

கை மரத்துப்போவதெல்லாம் கார்பல் டனல் ஆகிவிடாது. ஸ்வீடனில் பொதுமக்களிடம் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், 100-ல் சுமார் 14 பேர் கையில் வலி, மரத்துப்போதல் போன்ற அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னார்கள். மருத்துவப் பரிசோதனையிலும் நரம்புப் பரிசோதனையிலும் நோய் உறுதியானவர்கள் சுமார் 3 பேர்தான்.

அப்படியானால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சுண்டுவிரல் உதவி செய்யும். மீடியன் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்குத்தான் உணர்ச்சி கொடுக்கிறது. சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு. அது இந்தச் சுரங்கத்துக்குள் வருவதில்லை. அதனால் கார்பல் டனல் பாதிப்பில் சுண்டுவிரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

மலை ஊர்களில் இந்த ஒரு கேள்வி ரொம்பவே உதவும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் பகுதி இது. கை மரத்தால் குளிர் மேல் பழி போடுவது சகஜம். ஆனால், குளிரில் விறைத்தால் சுண்டுவிரலையும் சேர்த்து எல்லா விரல்களும் விறைக்கும். அடுப்பில் காட்டினால் சரியாகிவிடும். கம்பளிக்குள் கதகதப்பாகத் தூங்கும்போதும் மூன்று விரல்கள் மட்டும் மரத்துப்போகிறதென்றால், அதற்குக் குளிர் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. இரண்டு புறங்கைகளும் ஒட்டியிருக்குமாறு, விரல்கள் கீழ்நோக்கித் தொங்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அந்த நேரத்துக்குள் அதே மூன்று விரல்களில் குறுகுறுப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. இதற்கு ஃபாலென் சோதனை என்று பெயர். 1950-களில் இந்த நோயை மருத்துவ உலகத்துக்குப் பரவலாகப் புரியவைத்த அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஃபாலெனின் பெயர் அது. இந்தச் சோதனை சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை.

‘இது லேப்டாப் நோய்தானே?’

கார்பல் டனல் என்று கூகுளில் தேடினால் கீபோர்டில் கை வைத்த படங்கள்தான் வரிசையாக வரும். அதனால்தான் இது ஐ.டி. ஊழியர்களின் நோய் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஆதாரங்கள் அவ்வளவு நேரான கதையைச் சொல்லவில்லை.

டென்மார்க்கில் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் சுமார் 7,000 பேரிடம் நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. கீபோர்டு தட்டுவது இந்த நோய்க்குப் பெரிய ஆபத்துக் காரணியாக அதில் தெரியவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிப்பவர்களிடம் மட்டும் அறிகுறிகள் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன. லேப்டாப் முன்னால் மணிக்கட்டு வலிக்கவே வலிக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. வலிக்கும், கழுத்தும் தோளும் சேர்ந்தே வலிக்கும். ஆனால் மீடியன் நரம்பை நசுக்கும் வேலைகளில் கீபோர்டு முன்வரிசையில் இல்லை.

முன்வரிசையில் இருப்பவை எவை? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 2010-ல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்கள் பட்டியலில் கார்பல் டனல் பாதிப்பும் இருக்கிறது. அதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. நீண்ட நேரம் திரும்பத் திரும்ப அழுத்திச் செய்யும் வேலை, அதிர்வு தரும் கருவிகள், மணிக்கட்டை அளவுக்கு மீறி வளைக்கும் நிலைகள். இவை தனித்தனியாகவும் பாதிக்கும், சேர்ந்தும் பாதிக்கும்.

இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கூக்கால் வயலுக்குப் போங்கள். பல் ஊன்றுவது, திரும்பத் திரும்பக் கிள்ளிப் பிடிக்கும் வேலை. களை எடுக்கும்போது சின்னக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை வளைக்க வேண்டியிருக்கிறது. விளைந்த பூண்டைப் பிடுங்கும்போதும் தாளை நறுக்கும்போதும் கை முழு பலத்தையும் போடுகிறது. மரம் அறுக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின், பவர் டில்லர் பிடிப்பவர்களுக்கு அதிர்வும் சேர்கிறது. ஈரக் குளிரில் விரல் விறைத்தால் கருவியை இன்னும் இறுக்கிப் பிடிக்கத்தான் தோன்றும்.

வயல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பெண்களுக்கு அடுத்த ஷிஃப்ட். துணி பிழிவது, விறகு உடைப்பது, மாவு பிசைவது, மாடு இருந்தால் பால் கறப்பது என்று எல்லாமே அதே மணிக்கட்டை நம்பித்தான் நடக்கிறது. உலகம் முழுக்க இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுகிறது.

வலியில் இருப்பவர் யார், தகவல் போய்ச் சேரும் இடம் எது என்பதுதான் இங்கே உறுத்தும் கேள்வி. எர்கோனாமிக் மவுஸ், மணிக்கட்டுத் திண்டு, ஸ்ட்ரெச்சிங் வீடியோ எல்லாம் ஏ.சி. அறையில் இருப்பவரைத் தேடி வருகின்றன. களைக்கொத்து பிடிக்கும் கைக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

கைக்கு வெளியே இருக்கும் காரணங்கள்

கை வேலையே செய்யாதவருக்கும் இந்தப் பாதிப்பு வரலாம். சர்க்கரை நோய், தைராய்டு குறைவாகச் சுரப்பது, உடல் பருமன், முடக்குவாதம், மணிக்கட்டில் பழைய எலும்பு முறிவு ஆகியவை முக்கியக் காரணங்கள். சிலருக்குப் பிறவியிலேயே சுரங்கம் குறுகலாக இருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும் இது அதிகம்.

கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் உடம்பில் நீர் கோப்பதால் பல பெண்களுக்குக் கை மரத்துப்போகும். பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை இரவுப் பட்டை போட்டுச் சமாளிக்கலாம். ‘கர்ப்பம்னா அப்படித்தான் இருக்கும்’ என்று வாயை மூடிக்கொண்டு தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

அதனால் கை மரத்துப்போகிறது என்று வருபவருக்கு ரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் பார்ப்பது நல்லது. தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் நடமாடும் ஒருவருக்கு, கை மரத்ததை வைத்து அது கண்டுபிடிக்கப்படவும் வாய்ப்பிருக்கிறது.

‘நரம்பு ஊசி’ போட்டால் போதுமா?

கை மரத்துப்போகிறது என்றதும் நம் ஊரில் வழக்கமாக நடப்பவை சில உண்டு. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது ஒன்று. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டுக்கொள்வது இன்னொன்று. சுளுக்கு எடுப்பவரிடம் போய் நீவிக்கொள்வதும் உண்டு.

வலி மாத்திரை இந்த நோயில் நரம்பு மேல் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. மாதக்கணக்கில் போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும்தான் பதம் பார்க்கும். வைட்டமின் பி12 உண்மையிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு ஊசி தேவைதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம் என்பதால் பரிசோதிப்பது நல்லது. ஆனால், சுரங்கத்துக்குள் நசுங்கும் நரம்பை வைட்டமின் ஊசி வெளியே இழுத்துவிடாது. தைலம் தேய்த்தால் தேய்த்த நேரத்துக்கு இதமாக இருக்கும். அந்த இதத்தை நம்பி மாதங்களைக் கடத்துவதில்தான் ஆபத்து.

ஏன் ‘சீக்கிரம்’ என்ற வார்த்தை இவ்வளவு முக்கியம்?

நரம்பை ஒரு மின் வயராக நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தில் முதலில் கெடுவது வயரின் மேலுறை. இந்தக் கட்டத்தில் அழுத்தம் நீங்கினால் உறை மறுபடி வளர்ந்துவிடும், கை பழையபடி ஆகிவிடும். அழுத்தம் தொடர்ந்தால் உள்ளே இருக்கும் இழைகளே அறுபட ஆரம்பிக்கும். அறுபட்ட நரம்பு இழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில்தான் வளரும். ரொம்பவும் தாமதமானால் முழுமையாக வளராமலும் போகும்.

கையில் இது எப்படித் தெரியும்? இரவில் மட்டும் வந்த மரப்பு பகலிலும் வரும். வண்டி ஓட்டும்போது, போனைக் காதில் வைத்திருக்கும்போது வரும். பிறகு எந்நேரமும் விரல் மரத்தே இருக்கும். டம்ளர் கை நழுவும், ஜாக்கெட் ஹூக் மாட்ட வராது. ஊசியில் நூல் கோக்க முடியாது. கடைசியில் கட்டைவிரலுக்கு அடியில் உப்பலாக இருக்கும் சதை வற்றி, பள்ளமாகிவிடும். அந்தச் சதை ஒருமுறை நன்றாக வற்றிவிட்டால், ஆபரேஷன் செய்தாலும் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. நோய் முற்றும்போது சிலருக்கு வலி குறைந்துவிடும். ‘பரவாயில்ல, தானா சரியாயிடுச்சு’ என்று தோன்றும். நரம்பு உணர்ச்சியையே இழந்ததால் வந்த அமைதியாகவும் அது இருக்கலாம். மரத்த விரலுக்கு விறகடுப்பின் சூடு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும்.

பூண்டு விவசாயிக்கு இதில் பணயம் வைக்கப்படுவது கட்டைவிரல். மற்ற விரல்களோடு சேர்ந்து ஒரு பல்லைக் கிள்ளிப் பிடிக்க உதவும் சதையைத்தான் இந்த நோய் கடைசியில் தின்கிறது. சம்பளத்தோடு மெடிக்கல் லீவ் கிடைக்காத வேலையில், கை போனால் கூலி போச்சு.

சிகிச்சை... படிப்படியாக

முதல் படி, இரவில் போடும் மணிக்கட்டுப் பட்டை. ஸ்ப்ளின்ட் என்று கேட்டால் மருந்துக் கடைகளிலேயே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே தகடு வைத்தது. மணிக்கட்டு முன்னாலும் பின்னாலும் மடங்காமல் நேராக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இறுக்கிக் கட்டினால் அழுத்தம் இன்னும் கூடும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே கட்ட வேண்டும். குறைந்தது 6 வாரமாவது தினமும் இரவில் போட வேண்டும். இரண்டு நாள் போட்டுவிட்டு ‘ஒண்ணும் கேக்கல’ என்று பரணில் போடக் கூடாது. மரத்துப்போவது விட்டுவிட்டு வரும் ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கும்.

இரண்டாவது, மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி. 2018-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், லேசானது முதல் மிதமானது வரை பாதிப்புள்ள 234 பேரில் ஒரு பகுதியினருக்கு ஊசியும் மற்றவர்களுக்கு இரவுப் பட்டையும் கொடுக்கப்பட்டன. 6 வாரத்தில் ஊசி போட்டவர்கள் கூடுதல் நிவாரணம் பெற்றிருந்தார்கள். 6 மாதத்தில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, அறுவடை தலைக்கு மேல் இருக்கிறது, உடனே நிவாரணம் வேண்டும் என்றால் ஊசி கைகொடுக்கும். பொறுமையாகப் பட்டை போட்டாலும் பலன் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறலாம் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

மூன்றாவது, ஆபரேஷன். பெயரைக் கேட்டாலே பயம்தான். ஆனால், கையை மட்டும் மரக்கச்செய்து, சுரங்கத்தின் கூரையாக இருக்கும் நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் கொடுக்கும் சின்ன அறுவை சிகிச்சை இது. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். விரல்களை முதல் நாளில் இருந்தே அசைக்கலாம். களைக்கொத்து பிடிப்பது போன்ற அழுத்தமான வேலைக்குத் திரும்ப 6 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். பட்டையும் ஊசியும் பலன் தராதவர்கள், எந்நேரமும் மரத்திருப்பவர்கள், சதை வற்ற ஆரம்பித்தவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்தப் படி யாருக்கு என்பதை முடிவு செய்ய ‘நெர்வ் கண்டக்‌ஷன்’ என்ற நரம்புப் பரிசோதனை உதவும். நரம்பில் சின்ன மின்துடிப்பைச் செலுத்தி, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பார்கள். அறிகுறிகள் தெளிவாக இருந்தால், இந்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமலே பட்டை போட ஆரம்பித்துவிடலாம்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

சில அறிகுறிகளைக் கார்பல் டனல் என்று நினைத்து வீட்டில் உட்காரக் கூடாது.

• திடீரென்று ஒரு பக்கக் கையோ காலோ வலுவிழப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது பக்கவாதத்தின் அறிகுறிகள். 108-ஐ அழைக்க வேண்டும்.

• நெஞ்சில் அழுத்தம், வியர்வையோடு கையில் வலி பரவினால் மாரடைப்பாக இருக்கலாம். இதற்கும் 108 தான்.

• தோலில் உணர்ச்சியற்ற, நிறம் மங்கிய படையோடு விரல் மரத்தால் தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். இதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

• கழுத்தில் ஆரம்பித்துக் கைக்கு இறங்கும் வலி கழுத்து எலும்புப் பிரச்னையாக இருக்கலாம். இரண்டு பாதங்களும் சேர்ந்து மரத்தால் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பா என்று பார்க்க வேண்டும்.

வயலில் எதை மாற்றலாம்?

‘வேலையை நிறுத்துங்கள்’ என்பது விவசாயிக்குச் சொல்லக்கூடிய அறிவுரை இல்லை. வேலை செய்யும் விதத்தில் சில மாற்றங்கள் சாத்தியம்.

களைக்கொத்தின் ஒல்லியான பிடியில் பழைய துணியோ சைக்கிள் டியூபோ சுற்றித் தடிமனாக்கினால், அவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையிருக்காது. கத்தியும் கத்தரியும் மழுங்கினால் கைக்கு இரண்டு மடங்கு வேலை என்பதால் அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும். நாள் முழுக்க ஒருவரே பல் பிரித்து, இன்னொருவரே ஊன்றுவதைவிட, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளலாம். குளிர் காலத்தில் கையுறை உதவும். விரலை இறுக்காத அளவாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆபரேஷன் தேவை என்று டாக்டர் சொல்லி, அவசரம் இல்லை என்றால், ஊன்றி முடித்ததற்கும் பிடுங்குவதற்கும் நடுவில் இருக்கும் மாதங்களில் தேதி கேட்கலாம். களை எடுக்க மட்டும் அக்கம்பக்கத்தில் ஆள் மாற்றிக்கொண்டால் போதும்.

லேப்டாப்காரர்களுக்கும் இதிலேயே பாடம் இருக்கிறது. மணிக்கட்டை நேராக வைப்பது, மவுஸை இறுக்கிப் பிடிக்காமல் இருப்பது, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கையை எடுத்துவிடுவது. படுக்கையில் மணிக்கட்டை மடக்கி போன் பிடித்துக்கொண்டே தூங்கிப்போகும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

இரண்டே இரண்டு கேள்விகள்

கூக்காலில் இருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு வந்துபோவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் மலையைவிட்டே இறங்கி திண்டுக்கல், தேனி, மதுரை என அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைத் தேடிப் போக வேண்டும். கொடைக்கானலில் இருந்து திண்டுக்கல்லுக்கே 90 கி.மீ.-க்கு மேல். ‘ராத்திரியில கொஞ்சம் மரத்துப்போகுது’ என்பதற்காக யார் இவ்வளவு தூரம் போவார்கள்? டம்ளர் கை நழுவும்போதுதான் போவார்கள். அப்போது ஆரம்பக் கட்டம் தாண்டியிருக்கும்.

இங்கேதான் அரசு ஒரு விஷயத்தைச் செய்யலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இயன்முறை சிகிச்சையும் அதில் ஒரு பகுதி. வீட்டு வாசலுக்கு வரும் தன்னார்வலர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால் போதும். “ராத்திரி கை மரத்துப்போய் எழுந்திருக்கிறீங்களா அக்கா?” “சுண்டுவிரல் நல்லா இருக்கா?” இரண்டுக்கும் ஆமாம் என்றால், அடுத்த முறை வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் பெயரைச் சொல்லிவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்து ஸ்ப்ளின்ட்டுகள் இருப்பில் இருந்தால், சிகிச்சை அந்த வாரமே தொடங்கிவிடும்.

ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் தன்னார்வலர்கள் தலையில் இன்னொரு சுமையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான ஊதியமும் பயிற்சியும் கேட்டு அவர்கள் குரல் கொடுத்தால் அதுவும் நியாயமே. ஆனால், சர்க்கரை நோயாளியின் வீட்டுக்கு எப்படியும் அவர்கள் போகிறார்கள், சர்க்கரை நோயாளிக்குத்தான் இந்த ஆபத்தும் அதிகம். ஒரே நடையில் முடியும் வேலை இது. கை மரத்தவர்களை எல்லாம் நோயாளிகளாக்கி ஊசி போடுவார்களோ என்ற சந்தேகமும் எழலாம். முதல் படியாகக் கொடுப்பது ஓர் இரவுப் பட்டைதான். தப்பாகக் கணித்திருந்தாலும் அதனால் பெரிய கெடுதல் வராது. சரியாகக் கணித்தால் ஒரு கட்டைவிரல் தப்பிக்கும்.

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்குத் தொழில்சார் நோய் வந்தால் கேட்பதற்குச் சட்டம் என்று ஒன்றாவது இருக்கிறது. வயல் வரப்புக்கு அந்தச் சட்டம் வராது. பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தோம், நல்ல விஷயம். அந்தப் பூண்டை ஊன்றும் கைகளுக்கும் ஏதாவது செய்வதுதான் அடுத்த கட்டமாக இருக்க வேண்டும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் கருவிகளில் தடித்த பிடியுள்ள களைக்கருவிகளைச் சேர்ப்பது, மே மாதத்துக்கும் நவம்பருக்கும் முன்னால் மலை ஊர்களில் ஒரு நாள் கைப் பரிசோதனை முகாம் நடத்துவது போன்றவை கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் திட்டங்கள் இல்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. அது உங்கள் கையில் இருக்கும் போனில். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, ‘சாப்டியாம்மா’ என்பதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். “ராத்திரி கை மரத்துப்போகுதா? எந்த விரல்?” பதில் வரும்போது ‘தைலம் தேய்ச்சுக்கோ’ என்று முடித்துவிடாதீர்கள். ஒரு ஸ்ப்ளின்ட் வாங்கி அனுப்புங்கள், சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்தும் மரப்பு குறையவில்லை என்றால், அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது மலையைவிட்டு இறக்கி டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பகலிலும் மரத்தே இருக்கிறது, பொருள் கை நழுவுகிறது என்று சொன்னாலோ ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.